மேல்தோலில் தெரியாத எலக்ட்ரான்கள்

(கோவையில் மாணவர்களும் தொழில்துறையினரும் கூடிய அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



திருப்பூரிலிருந்து காங்கயம் போகிற வழியில் படியூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. ரோமானியர்கள் ஆசைப்பட்டு வாங்கிய பெரில் கற்கள் கிடைத்த நிலம் அது. 1819, 1820 வாக்கில் ஹீத் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி அங்கே மறுபடியும் சுரங்கம் வெட்டிக் கல் எடுத்தார். அதற்கு ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டு முன்பே நொய்யல் கரையில் கொடுமணலில் கல்லை அறுத்து, துளை போட்டு, மெருகேற்றி மணி செய்திருக்கிறார்கள். பட்டறைகளே அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. பதிற்றுப்பத்திலும் அந்த ஊருக்கு இடம் உண்டு.

பெரில் மண்ணுக்குள் தன்போக்கில் வளர்ந்தால் ஆறு பட்டை உள்ள தூணாக வளரும். அந்த ஆறு அணுக்களின் அடுக்கிலிருந்து வருவது. ஒரே அளவான சிறு கூடுகளை இடைவெளி இல்லாமல் எல்லாத் திசையிலும் அடுக்கிக்கொண்டே போனால் இரண்டு, மூன்று, நான்கு, ஆறு என்ற சமச்சீர்கள் மட்டும்தான் அமையும். ஐந்து அமையாது. ஐங்கோண ஓடுகளை வைத்துத் தளம் போட முயன்றால் சந்து விழும். இது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கணக்காக நிறுவப்பட்ட விஷயம். 1912இல் மாக்ஸ் ஃபான் லாவேயின் யோசனைப்படி எக்ஸ்-கதிரைப் படிகத்தின் வழியே செலுத்திப் புள்ளிக் கோலம் எடுத்த பிறகு, எழுபது ஆண்டு காலம் பார்த்த ஒவ்வொரு படிகமும் அந்தக் கணக்குக்குக் கட்டுப்பட்டே நின்றது.

1982 ஏப்ரல் 8 அன்று ஒரு படிகம் கட்டுப்படவில்லை. இஸ்ரேலிலிருந்து ஆய்வு விடுப்பில் அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிலையத்துக்கு வந்திருந்த டான் ஷெக்ட்மன், அலுமினியமும் மாங்கனீசும் கலந்த ஒரு ரிப்பனை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வட்டத்தைச் சுற்றிப் பத்துப் புள்ளிகள் தெரிந்தன. நோட்டில் பத்துமடி என்று எழுதி மூன்று கேள்விக்குறி போட்டார்.

அந்த ரிப்பன் எப்படி உருவானது என்பது இங்கே இருக்கும் வார்ப்படக்காரர்களுக்குச் சுவையாக இருக்கும். மணல் மோல்டில் ஊற்றிய உலோகம் மெதுவாக ஆறும். அணுக்கள் தங்களுக்குப் பிடித்த இடத்தைத் தேடி உட்கார நேரம் கிடைக்கும். ஷெக்ட்மன் பயன்படுத்திய முறையில், வேகமாகச் சுழலும் செம்புச் சக்கரத்தின்மேல் உருகிய உலோகத்தைப் பீய்ச்சுவார்கள். நொடிக்குப் பத்து லட்சம் டிகிரி என்ற வேகத்தில் அது உறையும். முடியைவிட மெல்லிய ரிப்பன் பறந்து விழும். அணுக்கள் வழக்கமான அடுக்குக்குப் போவதற்குள் நின்றுவிடும். நின்ற இடத்தில் குழப்பம் இருந்திருந்தால் அது கண்ணாடி. அப்படியானால் கூர்மையான புள்ளிகளே வரக்கூடாது. ஷெக்ட்மனுக்குப் புள்ளிகள் ஊசி முனைபோல வந்தன. அப்படியென்றால் உள்ளே ஒழுங்கு இருக்கிறது. ஆனால் ஐந்துமடி ஒழுங்கு; கோலத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எதிர்ப்புள்ளி விழுவதால் ஐந்து பத்தாகத் தெரிந்தது.

ஒழுங்கு என்றாலே ஒன்று திரும்பத் திரும்ப வருவது என்று நாம் நினைத்துப் பழகிவிட்டோம். சோமனூர்ப் பக்கம் தறி போட்டிருப்பவர்களைக் கேளுங்கள். கோடு போட்ட சேலைக்கு டிசைன் சொன்னால் அவர்கள் முதலில் கேட்பது, ரிப்பீட் எத்தனை இஞ்சுங்க என்பதுதான். இப்போது ரிப்பீட்டே இல்லாத ஒரு சேலையை நினைத்துப் பாருங்கள். அகலப்பட்டை ஒன்று, குறும்பட்டை ஒன்று, இரண்டே பட்டைகள். விதியும் ஒன்றே: ஒவ்வொரு சுற்றிலும் அகலப்பட்டை இருந்த இடத்தில் அகலம், குறுக்கம் என இரண்டையும் வை. குறும்பட்டை இருந்த இடத்தில் அகலம் ஒன்றை மட்டும் வை. முதல் சுற்றில் அகலம். அடுத்து அகலம்-குறுக்கம். அடுத்து அகலம்-குறுக்கம்-அகலம். பட்டைகளின் எண்ணிக்கை 1, 2, 3, 5, 8, 13 என்று ஏறிக்கொண்டே போகும். எத்தனை கஜம் நெய்தாலும் டிசைன் சீரான இடைவெளியில் திரும்பத் திரும்ப வராது. ஆனால் குறும்பட்டை இரண்டு அடுத்தடுத்து ஒருநாளும் வராது. எந்த இடத்தில் எந்தப் பட்டை என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். சேலை முழுவதும் விதிக்கு உட்பட்டது. குவாசிகிரிஸ்டல் என்பது இந்த மாதிரி அடுக்குதான். நூலுக்குப் பதில் அணு, ஒரு திசைக்குப் பதில் மூன்று திசை.

ஷெக்ட்மனின் கட்டுரை இலன் பிளெக், டெனி கிராசியா, ஜான் கான் ஆகியோருடன் சேர்ந்து 1984 நவம்பரில்தான் வெளிவந்தது. லீனஸ் பாலிங் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு நோபல் பரிசு பெற்றவர், வேதியியலில் அவருக்கு மிஞ்சிய ஆள் அந்த நூற்றாண்டில் அதிகம் இல்லை. சாதாரணப் படிகங்கள் பல ஒட்டிப் பிறந்து இப்படிக் கண்ணை ஏமாற்றுகின்றன என்பது அவர் வாதம்.

இந்த இடத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது, சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1957இல் பாலிங், பெர்க்மன், வா மூவரும் மெக்னீசியம்-அலுமினியம்-துத்தநாகக் கலவை ஒன்றின் அடுக்கை எக்ஸ்-கதிரால் கண்டுபிடித்தார்கள். ஒரு கூட்டுக்குள் 162 அணுக்கள். உள்ளே அணுக்கள் இருபது முகக் கொத்துகளாக, ஐந்துமடிச் சாயலோடு உட்கார்ந்திருந்தன. ஆனால் அந்தக் கொத்துகள் ஒழுங்காக ரிப்பீட் ஆயின. 1985இல் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் பி. ராமச்சந்திரராவும் ஜி. வி. எஸ். சாஸ்திரியும் யோசித்தார்கள்: கொத்து ஏற்கெனவே இப்படி இருக்கிறது என்றால், அதே கலவையை வேகமாக உறைய வைத்தால் ரிப்பீட் கலைந்து ஐந்துமடி அடுக்கு வராதா? வந்தது. அதுவரை ஒன்று அகஸ்மாத்தாகக் கிடைத்தது என்ற நிலை போய், எந்தக் கலவையில் தேடலாம் என்பதற்கு ஒரு வழி பிறந்தது. பாலிங் எதிர்த்த பொருளுக்குப் பாலிங்கின் படிகமே வழிகாட்டியது. அவர்கள் கட்டுரை நம் நாட்டு 'பிரமாணா' இதழில் வந்தது.

அதே 1985இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கமானியோ சட்டோபாத்யாய, எஸ். ரங்கநாதன் குழுவினர் பத்துமடிக் குவாசிகிரிஸ்டலைக் கண்டார்கள். அமெரிக்காவில் பெண்டர்ஸ்கி அதே நேரத்தில் தனியே கண்டார். இது விசித்திரமான பிறவி. ஒரு தளத்துக்குள் அணுக்கள் ரிப்பீட் இல்லாமல் கிடக்கும். அந்தத் தளங்களோ ஒன்றன்மேல் ஒன்றாக, வழக்கமான படிகம்போல் சம இடைவெளியில் அடுக்கியிருக்கும். ஒரே கட்டியில் இரண்டு ராஜ்ஜியம். இதற்குப் பின்னால் திரும்பி வருவோம். இந்த ரங்கநாதன்தான் சாரதா ஸ்ரீனிவாசனுடன் சேர்ந்து இந்தியாவின் ஊட்ஸ் எஃகைப் பற்றி 2004இல் புத்தகம் எழுதியவர். மூசையில் எஃகு வடித்த தமிழகத்து ஊர்களைப் பேசுகிறவர் எவரும் கொடுமணலைத் தொடாமல் போக முடியாது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் கொடுமணலைத் தோண்டத் தொடங்கியதும் 1985இல்தான்.

இனி எலக்ட்ரானுக்கு வருவோம். இங்கே மோட்டார் கட்டுகிறவர்கள் பலர் இருக்கிறீர்கள். மோட்டார் ஓடிச் சூடான பிறகு வைண்டிங் எவ்வளவு சூடாகியிருக்கிறது என்று எப்படிப் பார்க்கிறீர்கள்? உள்ளே தெர்மாமீட்டர் விடுவதில்லை. ஓடுமுன் ஒரு தடவை ரெசிஸ்டன்ஸ் எடுக்கிறீர்கள், ஓடிய பின் ஒரு தடவை எடுக்கிறீர்கள். செம்பின் மின்தடை டிகிரிக்கு ஏறக்குறைய 0.39 சதவீதம் ஏறும் என்ற கணக்கில் சூட்டைச் சொல்லிவிடுகிறீர்கள். உலோகம் சூடானால் அணுக்கள் அதிரும், அதிர்ந்தால் எலக்ட்ரான் ஓட்டம் தடைபடும். அழுக்கு கலந்தாலும் தடைபடும். சுத்தமான, நன்றாகப் பதப்படுத்திய, குளிர்ந்த செம்பு நன்றாகக் கடத்தும். இது உலோகத்தின் குணம்.

அலுமினியம் 63, செம்பு 25, இரும்பு 12 என்ற பங்கில் ஒரு குவாசிகிரிஸ்டல் உண்டு. 1987இல் ஜப்பானில் ஆன் பாங் சாய், இனோவே, மசுமோட்டோ மூவரும் கண்ட கலவைக் குடும்பத்தைச் சேர்ந்தது. செம்புச் சக்கரம் தேவையில்லை. உருக்கி, ஆறவிட்டு, உலையில் வைத்துப் பதப்படுத்தினாலே போதும். மூன்றும் நல்ல கடத்திகள். சேர்ந்தால் என்ன ஆகிறது தெரியுமா? மின்தடை அலுமினியத்தைப்போல ஆயிரம் மடங்குக்கு மேல் எகிறுகிறது. சூடாக்கினால் தடை குறைகிறது. குளிர வைத்தால் கூடுகிறது. மோட்டார் வைண்டிங்கை இதில் கட்டியிருந்தால் உங்கள் கணக்கு தலைகீழாகப் போயிருக்கும். எல்லாவற்றையும்விட வியப்பு இது: பதப்படுத்திப் பதப்படுத்தி உள்ளே உள்ள குறைகளை நீக்க நீக்க, அடுக்கு நேர்த்தியாக நேர்த்தியாக, மின்சாரம் இன்னும் மோசமாகப் போகிறது. அழுக்கால் தடை வருவதைப் புரிந்துகொள்ளலாம். சுத்தத்தால் தடை வருவதை எப்படிப் புரிந்துகொள்வது?

வெப்பத்தையும் அது சரியாகக் கடத்தாது, அலுமினியத்தைவிட நூறு மடங்குக்கும் மேல் குறைவு. மேற்பரப்பு கடினமானது, ஒட்டாதது. பிரான்சில் ழான்-மரி துபுவா இதை வைத்துக் காப்புரிமை வாங்க, சித்ராம் என்ற நிறுவனம் குவாசிகிரிஸ்டல் பூச்சுப் போட்ட வாணலியே விற்றது. சந்தையில் நிலைக்கவில்லை. தோசைக்கல்லைப் பற்றி நிறையப் பேசலாம், நேரம் இல்லை.

பத்துமடிக் கட்டிக்குத் திரும்புகிறேன். அலுமினியம்-நிக்கல்-கோபால்ட் கலவையில் அது பெரிய கட்டியாகவே வளரும். தளங்கள் சம இடைவெளியில் அடுக்கியிருக்கும் திசையில் மின்சாரத்தை விட்டால் சாதாரண உலோகம்போல நடந்துகொள்கிறது. சூடானால் தடை ஏறுகிறது. அதே கட்டியைத் திருப்பி, ரிப்பீட் இல்லாத தளத்தின் வழியே விட்டால் தடை சுமார் பத்து மடங்கு. அணுக்கள் அவையே, அழுக்கு அதுவே, கட்டியும் அதுவே. மாறியது திசை மட்டும். ஆக, ரிப்பீட் இல்லாத அடுக்குதான் எலக்ட்ரானை ஏதோ செய்கிறது. என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி.

இதற்கு ஒரு பழைய விடை கைவசம் இருந்தது. ஆக்ஸ்ஃபர்டில் வில்லியம் ஹியூம்-ராதரி என்றொரு உலோகவியலாளர். இளம் வயதில் மூளைக் காய்ச்சலால் செவித்திறனை இழந்தவர். 1920களில் அவர் கண்டது: பித்தளை மாதிரியான கலவைகளில் எந்த அடுக்கு அமையும் என்பதை, ஓர் அணுவுக்கு எத்தனை கட்டற்ற எலக்ட்ரான் என்ற விகிதமே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. காரணம் பின்னால் விளங்கியது. எலக்ட்ரான் உலோகத்துக்குள் அலையாகப் போகிறது. அதன் அலைநீளம் அணுத்தளங்களின் இடைவெளியோடு பொருந்தினால் அலை திருப்பி அடிக்கப்பட்டு நின்ற இடத்திலேயே நிற்கும். அப்படி நிற்கும்போது சில எலக்ட்ரான்களின் ஆற்றல் குறையும், மொத்தக் கலவைக்கும் அது லாபம், அந்த அடுக்கு நிலைக்கும். ஆனால் மின்சாரத்தைச் சுமக்க வேண்டிய ஆற்றல் மட்டத்தில், ஃபெர்மி மட்டம் என்பார்கள், எலக்ட்ரான்கள் உட்காரக்கூடிய இடங்கள் குறைந்துபோகும். அங்கே ஒரு பள்ளம் விழும். எலக்ட்ரான்கள் சேர்ந்து அடுக்கை நிலைநிறுத்துகின்றன, அதற்குத் தங்கள் ஓட்டத்தை விலையாகக் கொடுக்கின்றன. இப்படிச் சொன்னால் சுத்தமாக ஆக ஆகத் தடை ஏன் ஏறுகிறது என்பதும் ஓரளவு விளங்கும். அடுக்கு நேர்த்தியானால் பள்ளம் ஆழமாகும்.

சாயும் மற்றவர்களும் இந்த விகிதத்தைக் கைகாட்டியாக வைத்துக்கொண்டே புதுப்புதுக் குவாசிகிரிஸ்டல்களைப் பிடித்தார்கள். ஆக, கொள்கை வேலை செய்தது. ஆனால் பள்ளத்தை நேரே பார்க்க வேண்டாமா? கொள்கை வேலை செய்கிறது என்பது வேறு, பார்த்தோம் என்பது வேறு. இங்கேதான் எக்ஸ்-கதிர் வருகிறது.

கோவையில் வால்வு வார்க்கிறவர்கள் கேஸ்டிங்கை ரேடியோகிராபிக்கு அனுப்புவார்கள். கதிர் ஊடுருவிப் போகும், உள்ளே ஓட்டை இருந்தால் பிலிமில் நிழல் வித்தியாசப்படும். அது நிழல் மட்டுமே. அணு அளவில் பார்க்க நிழல் உதவாது, சிதறல் வேண்டும். எக்ஸ்-கதிரின் அலைநீளமும் அணுக்களின் இடைவெளியும் ஏறக்குறைய ஒன்றே என்பதால், ஒவ்வோர் அணுவிலிருந்தும் சிதறிய அலைகள் ஒன்றோடொன்று கூடியும் அழிந்தும் புள்ளிகளாக விழுகின்றன. சிதறுவது எதில் மோதி? கருவில் இல்லை. கரு கனமானது, எக்ஸ்-கதிருக்கு அசையாது. முழுக்க முழுக்க எலக்ட்ரான்களில். ஆக லாவே தொடங்கி இன்றுவரை எடுத்த எல்லா எக்ஸ்-கதிர்க் கோலங்களும் உண்மையில் எலக்ட்ரான்களின் படங்களே.

அப்படியானால் வேலை முடிந்ததா? இல்லை. நம் அலுமினியம்-செம்பு-இரும்புக் கட்டியில் நூறு அணுவை எண்ணினால் 1,856 எலக்ட்ரான்கள் இருக்கும். அலுமினியத்துக்கு 13, செம்புக்கு 29, இரும்புக்கு 26, பெருக்கிக் கூட்டிப் பாருங்கள். அவற்றில் மிகப் பெரும்பாலானவை தத்தம் அணுவோடு இறுகக் கட்டுண்டு கிடப்பவை. மின்சாரத்துக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. புள்ளிக் கோலத்தில் பேசுவது அந்தக் கூட்டம். நாம் தேடுகிற சிலர் கூச்சலில் மறைந்துவிடுகிறார்கள். கோலம் அடுக்கைச் சொல்லும், புள்ளிகள் எங்கே விழுகின்றன என்பதைக் கொண்டு ஹியூம்-ராதரி பொருத்தம் சரிதானா என்று கணக்குப் போடலாம். பள்ளத்தைக் காட்டாது.

அடுத்த வழி, ஆற்றல் இழந்து சிதறும் கதிரைப் பார்ப்பது. 1923இல் ஆர்தர் காம்ப்டன் கண்டதுபோல எக்ஸ்-கதிர் எலக்ட்ரானை இடித்துக் கொஞ்சம் ஆற்றலைக் கொடுத்துவிட்டுச் சிதறும். இடிபட்ட எலக்ட்ரான் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால், சிதறிய கதிரின் ஆற்றல் அதற்கேற்ப விரியும். உள்ளே கட்டுண்ட எலக்ட்ரான்கள் வேகமானவை, அவை அகன்ற அடித்தளமாகத் தெரியும். வெளிவட்டத்தவை மெதுவானவை, அதன்மேல் ஒடுங்கிய மேடாகத் தெரியும். மேட்டைப் பிரித்தெடுத்தால் நம் ஆட்கள் கிடைத்துவிட்டார்கள். ஜப்பானின் ஸ்பிரிங்-8 போன்ற பெரிய கதிர்மூலங்களில் குவாசிகிரிஸ்டல்களை இப்படி அளந்திருக்கிறார்கள். கதிர் ஆழமாகப் போவதால் மேற்பரப்பின் கோளாறு இதில் புகாது, அது பெரிய பலம். ஆனால் இது சொல்வது எலக்ட்ரானின் உந்தத்தை. எந்த ஆற்றலில் எத்தனை இருக்கைகள் என்ற கேள்விக்கு நேர் விடை இதில் இல்லை. என் கணிப்பில் இந்த முறையின் அருமை இன்னும் முழுசாக உணரப்படவில்லை. இருந்தாலும் பள்ளம் என்ற வழக்கை இது மட்டும் முடித்துவைக்க முடியாது.

முடித்துவைக்கக்கூடியது, எலக்ட்ரானையே வெளியே இழுத்து விசாரிப்பது. ஒளியை அடித்தால் எலக்ட்ரான் துள்ளி வெளியே வரும். வந்ததன் ஆற்றலை அளந்து, கொடுத்த ஆற்றலிலிருந்து கழித்தால் அது உள்ளே எந்த மட்டத்தில் இருந்தது என்று தெரியும். இது சிதறல் அன்று, ஒளியுமிழ்வு. சிதறலோடு சேர்த்தே படிக்க வேண்டிய அண்ணன் தம்பி முறை. 1990களில் பல குழுக்கள் புற ஊதா ஒளியாலும் மென்மையான எக்ஸ்-கதிராலும் குவாசிகிரிஸ்டல்களை இப்படி விசாரித்தன. சிலர் பள்ளம் இருக்கிறது என்றார்கள். சிலரின் அளவையில் ஃபெர்மி மட்டத்தில் சாதாரண உலோகம்போல எலக்ட்ரான்கள் இருந்தன. வாதம் நீண்டது.

காரணம் என்னவென்றால், குறைந்த ஆற்றலில் அடித்து வெளியே வரும் எலக்ட்ரான் ஆழத்திலிருந்து வர முடியாது. வழியிலேயே மோதி ஆற்றலை இழந்துவிடும். மேலே உள்ள இரண்டு மூன்று அணு அடுக்கிலிருந்து வருபவையே சாட்சி சொல்லும். அந்த மேல் அடுக்கு எப்படிப்பட்டது? ஆய்வுக்கு முன் பரப்பைச் சுத்தம் செய்ய ஆர்கான் அயனிகளால் அடிப்பார்கள், பிறகு சூடாக்கிச் சீராக்குவார்கள். எவ்வளவு சீராக்கினாலும் மேல்பரப்பு மேல்பரப்புதான். உள்ளே உள்ள அடுக்கு அங்கே வெட்டுப்பட்டு நிற்கிறது. கலவையின் விகிதமும் மாறியிருக்கலாம். உள்ளே இருப்பதை அறிய வாசலில் நிற்பவரை விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

2012இல் இதற்கு ஒரு தெளிவு கிடைத்தது. இந்தூரில் உள்ள யுஜிசி-டிஏஇ அறிவியல் ஆய்வுக் கூட்டமைப்பில் எஸ். ஆர். பர்மன் குழுவைச் சேர்ந்த ஜயிதா நாயக்கும் தோழர்களும், ஜெர்மனி, பிரான்ஸ், அமெரிக்க ஆய்வாளர்களோடு சேர்ந்து 'பிசிக்கல் ரெவ்யூ லெட்டர்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கடினமான எக்ஸ்-கதிர், அதாவது ஆயிரக்கணக்கான எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் உள்ள கதிரை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். இப்படி அடித்தால் வெளியேறும் எலக்ட்ரானுக்கு வேகம் அதிகம், நூறு ஆங்ஸ்ட்ராம் அளவு ஆழத்திலிருந்தும் மோதாமல் வந்துசேரும். மேல்தோலின் பங்கு அதில் சிறு துளி. ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. ஆற்றல் கூடக் கூட எலக்ட்ரான் வெளியேறும் வாய்ப்பு வெகுவாகக் குறையும். மணிக்கணக்கில் எண்ணினாலும் கொஞ்சம்தான் தேறும். சாதாரண எக்ஸ்-கதிர்க் குழாயால் ஆகாது. ஹாம்பர்க் நகரில் 2.3 கிலோமீட்டர் சுற்றளவுள்ள பெட்ரா III போன்ற சிங்க்ரோட்ரான் வேண்டும்.

கிடைத்த விடை இரண்டு பகுதி. அலுமினியம்-பல்லேடியம்-மாங்கனீசிலும் அலுமினியம்-செம்பு-இரும்பிலும் பள்ளம் உண்டு, ஐயமில்லை. குறைந்த ஆற்றல் அளவைகளில் அது தெரியாமல் போனதற்குக் காரணம் பரப்பருகே உள்ள உலோகத்தன்மை கொண்ட அடுக்கு. இரண்டாவது பகுதி இன்னும் கூர்மையானது. பல்லேடியக் கலவையில் பள்ளம் முழுசாக இறங்கவில்லை. நம் செம்பு-இரும்புக் கலவையில் ஏறக்குறைய அடி தொட்டுவிட்டது. ஃபெர்மி மட்டத்தில் இருக்கைகளின் எண்ணிக்கை ஏறக்குறைய பூஜ்ஜியத்துக்கு வந்துவிடுகிறது. மூன்று நல்ல உலோகங்களைக் கலந்து செய்த கட்டி, உலோகத்துக்கும் காப்பானுக்கும் நடுவில் உள்ள எல்லைக்கோட்டின் அருகே நிற்கிறது.

இந்தக் கட்டுரையை நான் மாணவர்களிடம் மறுபடி மறுபடி சொல்வதற்குக் காரணம் முடிவு மட்டுமில்லை. கருவி எவ்வளவு நுட்பமானது என்பதைவிட, கருவி எந்த ஆழத்திலிருந்து சாட்சி கொண்டுவருகிறது என்ற கேள்வியை இது முன்னால் வைக்கிறது. 1990களின் அளவைகள் தவறானவை அல்ல. மிகத் துல்லியமானவை. துல்லியமாக வேறொன்றை அளந்தன.

ஆனால் பள்ளம் எல்லாவற்றையும் விளக்கிவிடுகிறதா? விளக்கவில்லை. இருக்கைகள் குறைவு என்பது ஒன்று, இருக்கிற எலக்ட்ரான் எப்படி நகர்கிறது என்பது இன்னொன்று. ரிப்பீட் உள்ள படிகத்தில் எலக்ட்ரான் அலை எல்லா இடத்திலும் ஒரே சீராகப் பரவும், ஃபெலிக்ஸ் பிளாக் 1928இல் காட்டியது அது. குழப்பமான பொருளில் அலை ஒரு மூலையில் முடங்கும். நம் கோடு போட்ட சேலை மாதிரியான ஒரு திசை அடுக்குக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் மூன்றாவது ஒரு நிலையைக் கண்டார்கள். பரவவும் இல்லை, முடங்கவும் இல்லை, இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சமாகத் தலைகாட்டும். முப்பரிமாணக் கட்டியிலும் அப்படியா என்பது இன்னும் அடங்காத விவாதம். 2000இல் எலை ரோட்டன்பெர்க், கார்ஸ்டன் ஹார்ன் முதலியோர் பத்துமடி அலுமினியம்-நிக்கல்-கோபால்ட்டில் எலக்ட்ரானை இழுத்துத் திசைவாரியாக அளந்தபோது, ரிப்பீட் இல்லாத திசையிலும் எலக்ட்ரான்கள் ஓரளவு கட்டற்ற அலைபோலவே போவதைப் பார்த்தார்கள். அடுக்கு ரிப்பீட் ஆகாவிட்டாலும் எலக்ட்ரான் அதன் ஒழுங்கை உணர்கிறது. அதே ஹார்ன் 2012 கட்டுரையிலும் உண்டு.

கடந்த சில ஆண்டுகளில் வந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2018இல் ஜப்பானில் அலுமினியம்-துத்தநாகம்-மெக்னீசியம் குவாசிகிரிஸ்டல் 0.05 கெல்வினில் மீகடத்தியானது. பனாரஸில் 1985இல் வேகமாக உறையவைத்த அதே குடும்பம். 2021இல் தங்கம்-காலியம்-கடோலினியத்தில் காந்த ஒழுங்கு தெரிந்தது. 2025இல் தங்கம்-இந்தியம்-யூரோப்பியத்தில், அடுத்தடுத்த காந்தங்கள் எதிரெதிராக நிற்கும் ஒழுங்கும் நியூட்ரான் சிதறலால் உறுதியானது. ரிப்பீட் இல்லாத அடுக்கில் அப்படி ஒன்று அமையவே முடியாது என்று பலர் எண்ணியிருந்தார்கள். நம் செம்பு-இரும்புக் கலவையோ வானத்திலிருந்தே விழுந்திருக்கிறது. ரஷ்யாவின் கிழக்குக் கோடியில் கிடைத்த ஒரு விண்கல் துணுக்கில் 2009இல் லூகா பிண்டி, பால் ஸ்டெய்ன்ஹார்ட் குழு அதைக் கண்டது. ஷெக்ட்மனுக்கு 2011இல் வேதியியல் நோபல் கிடைத்தது. படிகம் என்றால் என்ன என்ற இலக்கணத்தைச் சர்வதேசப் படிகவியல் ஒன்றியம் அதற்கு முன்பே, 1992இல், மாற்றி எழுதிவிட்டது.

இதெல்லாம் ஹாம்பர்க்கிலும் ஜப்பானிலும் நடக்கிறது, கோவைக்கு என்ன என்று ஒருவர் வாசலில் கேட்டார். நியாயமான கேள்வி. இந்தூரில் ராஜா ராமண்ணா மையத்தில் இண்டஸ்-2 இருக்கிறது, 2.5 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் சிங்க்ரோட்ரான். விண்ணப்பம் எழுதி, நடுவர் குழு ஏற்றால் மாணவர்களுக்கும் கதிர் நேரம் கிடைக்கும். பெட்ரா III-இல் இந்தியர்கள் ஆய்வு செய்ய மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை ஏற்பாடும் செய்திருக்கிறது. ஆனால் கதிர் நேரத்தைவிட அரிதானது நல்ல சாம்பிள். 2012 ஆய்வின் கட்டிகள் அமெரிக்காவின் ஏம்ஸ் ஆய்வகத்தில் வளர்ந்தவை. உருக்குவதிலும் பதப்படுத்துவதிலும் நம்மூருக்கு இருக்கிற கை, ஒரு சாம்பிள் விஷயத்தில் சும்மா இருக்க வேண்டியதில்லை.

அலுமினியம், செம்பு, இரும்பு. பீளமேட்டில் இந்த மூன்றும் கிடைக்காத தெரு இல்லை. சுத்தமானதாக வாங்கி, அணு விகிதம் 63:25:12 என்று எடை போட்டு, ஆர்கான் சூழலில் உருக்க வேண்டும். ஊற்றியவுடன் நமக்கு வேண்டியது கிடைக்காது. முதலில் உறைவது அலுமினியம்-இரும்புச் சேர்மம், அதைச் சுற்றி மிச்சம் உறையும், உடைத்துப் பார்த்தால் இரண்டு மூன்று கட்டங்கள், அதாவது வெவ்வேறு அடுக்குள்ள பகுதிகள், கலந்திருக்கும். 800 டிகிரி செல்சியஸ் பக்கம் பல மணி நேரம் வைத்தால் அவை ஒன்றையொன்று தின்று இருபது முகக் கட்டமாக மாறும். பொடித்துக் கல்லூரி எக்ஸ்-கதிர்க் கருவியில் வைத்துப் பாருங்கள். பழைய கட்டங்களின் முகடுகள் மறையும்வரை மறுபடி உலையில் வையுங்கள். பிறகு ஒரு துண்டை வெட்டி, நான்கு முனை வைத்து மின்தடை எடுத்து, திரவ நைட்ரஜனில் இறக்குங்கள். மீட்டர் ஏறினால் சாம்பிள் நன்றாக வந்திருக்கிறது. இறங்கினால் உள்ளே இன்னும் சாதாரண உலோகம் மிச்சம் இருக்கிறது, உலைக்குத் திரும்புங்கள்.

என் நேரம் முடிந்தது. கேள்வி கேட்க விரும்புகிறவர்கள் கேட்கலாம். பின்வரிசையில் அந்தப் பெண் ரொம்ப நேரமாகக் கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறார், அவரிடமிருந்து தொடங்குவோமுங்க.